சிவப்பைத் தேடும் கண்கள்

ஒரு நோய் கொடியதா, எளியதா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? அதைச் சுமக்கும் உயிருக்கா? அவ்வுயிரின் அருகே இரவு முழுதும் விழித்துக் கிடக்கும் தாய்க்கா? அல்லது மேசைக்கு அப்பால் அமர்ந்து, ஒரு நிமிடம் நோக்கிவிட்டு, துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதித் தருபவருக்கா?

இது வைத்தியர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று சிலர் கூறக்கூடும். நாம் அதை ஏற்பதற்கில்லை. துன்பத்தை அளக்கும் கோல் எவர் கையில் இருக்கிறதோ, அவரே எந்தத் துன்பத்துக்கு மருந்து, எந்தத் துன்பத்துக்கு வெறும் உபதேசம் என்பதைப் பங்கிட்டுக் கொடுக்கிறார். அந்தப் பங்கீட்டில் மலைநாட்டுத் தோட்டத்துக் குழந்தையின் பங்குக்கு வந்து சேர்வது பெரும்பாலும் உபதேசமே. குழந்தைகளைப் பீடிக்கும் கரப்பான் என்னும் தோல்நோயை எடுத்துக்கொண்டு இவ்வுண்மையை விளக்க முற்படுகிறோம்.

கண்டி மாநகருக்குத் தெற்கே, ஹந்தானை மலைத்தொடருக்கு அப்பால், கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை என்று தேயிலை மலைகள் விரிந்து செல்கின்றன. 1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கர் நிலத்தில் வர்த்தகப் பயிராகத் தேயிலை நட்ட லூல்கந்துரைத் தோட்டமும் இப்பகுதியிலேதான் இருக்கிறது. அம்மலைகளின் பாடசாலைகளை நம்மில் பலர் அறிவோம். சிலர் அங்கே கற்றவர்கள். சிலர் அங்கே கற்பிப்பவர்கள். காலை வேளையிலேயே மேசைமேல் தலைசாய்த்து உறங்கிவிடும் ஒரு சிறுமியை அவ்வகுப்பறைகளில் நாம் கண்டதில்லையா? வெயில் ஏறிய பின்னும் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்து மூடிக்கொண்டிருப்பாள். முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் கறுத்துத் தடித்து, கோடுகள் ஆழ்ந்து, மரப்பட்டைபோல் ஆகியிருக்கும். கொப்பியின் ஓரத்தில் சிறு இரத்தப் பொட்டுகள் காய்ந்திருக்கும். அவளுக்குப் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் உட்காராது.

அவளை நாம் என்னவென்று அழைத்தோம்? சோம்பேறி என்று அழைத்தோம். "நன்றாகக் குளித்துவிட்டு வா" என்று அறிவுரை கூறினோம். சிரங்கு என்று சொல்லிக் கடைசி வாங்குக்கு அனுப்பினோம். நோயை அளக்கத் தெரியாதவர்களின் பட்டியலில் முதற்பெயர் ஆசிரியர்களாகிய நமது பெயராகவே இருக்கட்டும். பிறரைக் குற்றஞ்சாட்டும் தகுதி அதன் பின்னரே நமக்கு வரும்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். கரப்பான் என்று நம் முன்னோர் அழைத்ததும் எக்ஸிமா என்று ஆங்கில வைத்தியம் அழைப்பதும் பெருமளவு ஒரே நோயையே குறிக்கின்றன. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் அதன் வகைக்கு 1933-இல் வைஸ், சல்ஸ்பெர்கர் என்ற அமெரிக்க வைத்தியர்கள் 'அட்டோபிக் டெர்மடைட்டிஸ்' என்று பெயர் சூட்டினர். நெடுங்காலம் இதன் மூலம் விளங்காதிருந்தது. 2006-இல் ஸ்கொத்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் அவர்தம் கூட்டாளிகளும் தோலின் மேற்படையைக் கட்டிக்காக்கும் பிலாக்ரின் என்ற புரதத்தில் ஏற்படும் பிறவிக் குறைபாட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டினர். எல்லா நோயாளரிடமும் இக்குறைபாடு இருப்பதில்லை. ஆயினும் பொதுவான உண்மை தெளிவாகிவிட்டது. தோல் என்பது உடலின் மதில். அம்மதிலில் வெடிப்பு விழும்போது உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியிலிருக்கும் உறுத்தல்கள் உள்ளே புகுகின்றன. உடலின் காவற்படை அளவுக்கு மீறிக் கிளர்ந்தெழுகிறது. அரிப்பு, சொறிதல், மேலும் வெடிப்பு, மேலும் அரிப்பு என்று அந்த வட்டம் சுழல்கிறது.

ஆகவே இந்நோய் அழுக்கினால் வருவதன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுமன்று. "குளிக்காததால் வந்தது" என்ற நம் உபதேசம் விஞ்ஞானத்துக்கும் விரோதமானது, நியாயத்துக்கும் விரோதமானது. உடைகழுவும் சவர்க்காரத்தைக் கொண்டு அந்தத் தோலை இருமுறை தேய்த்துக் குளிப்பாட்டினால் மதிலில் எஞ்சியிருக்கும் சாந்தும் கரைந்துபோகும்.

இந்நோயைக் கண்டறிவது எவ்வாறு? இதற்கென்று ஒரு தனி இரத்தப் பரிசோதனை இல்லை. எக்ஸ்ரே இல்லை. பார்க்கவேண்டும், கேட்கவேண்டும், அவ்வளவே. 1980-இல் ஹனிபின், ராஜ்கா என்ற இரு வைத்தியர்கள் நீண்டதோர் அடையாளப் பட்டியலைத் தந்தனர். 1994-இல் பிரித்தானிய நிபுணர் குழுவொன்று அதைச் சுருக்கி எளிமையாக்கியது. கடந்த பன்னிரண்டு மாதங்களுள் பிள்ளைக்குத் தோலரிப்பு இருந்திருக்க வேண்டும்; சொறிகிறது, தேய்க்கிறது என்று பெற்றோர் சொன்னாலும் போதும். இதுவே முதல் நிபந்தனை. அரிப்பு இல்லையேல் இந்நோய் இல்லை. அதனுடன் வேறு ஐந்து செய்திகளில் மூன்றேனும் பொருந்த வேண்டும். இரண்டு வயதுக்கு முன் தொடங்கியிருத்தல் ஒன்று. முழங்கை, முழங்கால் மடிப்புகள், கணுக்கால், கழுத்து ஆகிய இடங்களை முன்பு பற்றியிருத்தல் மற்றொன்று. சென்ற ஓராண்டில் தோல் பொதுவாகவே வறண்டிருத்தல் மூன்றாவது. பிள்ளைக்கு ஆஸ்துமாவோ ஒவ்வாமைத் தும்மலோ இருத்தல் நான்காவது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையாயின் பெற்றோர், உடன்பிறந்தோரிடம் இவை இருந்தாலும் கொள்ளலாம். மடிப்புகளில் இப்போது நோய் கண்ணுக்குத் தெரிதல் ஐந்தாவது. சிறு குழந்தைகளுக்குக் கன்னம், நெற்றி, கைகால்களின் வெளிப்புறம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

இந்த ஆறு செய்திகளில் ஐந்து பெற்ற தாயிடம் கேட்டு அறியவேண்டியவை; ஒன்று மாத்திரமே வைத்தியரின் கண்ணால் காணவேண்டியது. இதை வாசகர்கள் நன்கு கவனிக்கவேண்டும். தாயோடு பேச இயலாத இடத்தில் இந்நோயைக் கண்டறிய இயலாது என்பதே இதன் பொருள்.

இங்கே தவறு நேர்ந்தால் என்ன ஆகும்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே பாய்விரித்துப் படுக்கும் லயங்களில் சிரங்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்த அந்தச் சிரங்கு, கண்ணுக்குப் புலப்படாத சிறு உண்ணியால் வருவது, ஒட்டிக்கொள்வது. இரவில் அரிப்பு மிகும். வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கும். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் மெல்லிய வளைகோடுகள் தோன்றும். அதற்குரிய மருந்தை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே காலத்தில் பூசவேண்டும். கரப்பானைச் சிரங்கென்று எண்ணி உண்ணிக்கொல்லி மருந்தை மீண்டும் மீண்டும் பூசினால் புண்பட்ட தோல் மேலும் எரியும். சிரங்கைக் கரப்பானென்று எண்ணினால் ஒரு லயம் முழுவதும் சொறியும். வட்டமாய்ப் பரவும் படர்தாமரையைக் கரப்பானென்று எண்ணிக் கடுமையான ஸ்டீரொய்ட் களிம்பைப் பூசினால் பூஞ்சணம் உருமாறி, அடையாளம் தெரியாமல் பரவும். கன்னத்தில் தோன்றும் மங்கிய தேமலைக் கண்டு குஷ்டமோ என்று அஞ்சும் தாய்மாரும் உண்டு. உண்மையில் குஷ்டம் கண்டு கவனியாது விடப்பட்ட பிள்ளைகளும் உண்டு. குஷ்டத்தின் வெண்தழும்பில் பெரும்பாலும் உணர்ச்சி மங்கியிருக்கும், அரிப்பு இராது. தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரியவரும் வேறுபாடு அது. தொடுவதற்கு மனமும் நேரமும் வேண்டும்.

மனமும் நேரமும் இல்லாத இடத்தில் பாமசி வைத்தியம் தோன்றுகிறது. தாய் பிள்ளையைக் காட்டுகிறாள். அல்லது காட்டாமலே, "சொறிக்கு ஒரு களிம்பு தாருங்கள்" என்கிறாள். வீரிய ஸ்டீரொய்ட், பூஞ்சணக்கொல்லி, கிருமிகொல்லி மூன்றும் கலந்த குழாயொன்று கைமாறுகிறது. எந்த நோயாயினும் ஏதோ ஒன்று வேலை செய்யட்டும் என்பதே அந்தக் குழாயின் தத்துவம். மூன்று நாளில் அரிப்பு அடங்குகிறது, விட்டதும் திரும்புகிறது, மாதக்கணக்கில் பூசியதால் பிள்ளையின் தோல் மெலிந்து வெளிறுகிறது. பின்பு அதே தாய், எந்த ஸ்டீரொய்ட் மருந்தையும் நஞ்சென்று அஞ்சி, வைத்தியர் அளவறிந்து தரும் மென்மருந்தையும் ஒதுக்கிவிடுகிறாள். 1952 முதல் தோல்நோய்க்குப் பயன்பட்டுவரும் ஹைட்ரோகோர்ட்டிசோன் போன்ற எளிய, மலிவான மருந்தின் நன்மை இவ்வாறு இரு வழிகளிலும் பாழாகிறது. அறியாமை தாயுடையது என்று பழிசொல்வது எளிது. அறிவிக்க வேண்டியவர்கள் வாய்திறவாதிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நோயைக் கண்டறிந்த பின்னர் அதன் கடுமையை அளக்கும் பணி வருகிறது. நோய் இலேசானதாயின் ஈரங்காக்கும் பூச்சும் மென்மையான ஸ்டீரொய்டும் போதும். நடுத்தரமாயின் சற்று வீரியமுள்ள மருந்து வேண்டும். கடுமையாயின் பெரிய வைத்தியசாலையின் தோல்நோய் நிபுணரிடம் அனுப்பவேண்டும். ஒளிச்சிகிச்சையோ உட்கொள்ளும் மருந்துகளோ தேவைப்படலாம். ஆகவே அளவு தவறினால் எல்லாம் தவறும்.

இதற்கென மேல்நாட்டு நிபுணர்கள் அளவுகோல்கள் ஆக்கியுள்ளனர். 1993-இல் ஐரோப்பியக் குழுவொன்று 'ஸ்கோராட்' என்ற கோலைத் தந்தது. அதன் உச்சம் 103. 2001-இல் 'ஈசி' என்ற கோல் வந்தது. அதன் உச்சம் 72. பின்னதில் நான்கு குறிகளுக்குப் பூச்சியம் முதல் மூன்றுவரை மதிப்பெண் இடுவர். சிவப்பு, தடிப்பு, நகக்கீறல், தோல் பட்டைகட்டுதல் என்பன அக்குறிகள். முன்னதிலும் முதற்குறி சிவப்பே.

சிவப்பு! யாருடைய தோலில் சிவப்பு? பனிநாட்டு வெள்ளைக் குழந்தையின் கன்னத்தில் அழற்சி செக்கச் சிவந்து எரியும். நமது குழந்தையின் தோலில் அதே அழற்சி கபிலமாக, கருநீலமாக, சாம்பல் பூத்த கறுப்பாகத் தோன்றும். சில பிள்ளைகளிடம் மடிப்புகளில் தோன்றாது, மயிர்க்கால்தோறும் சிறு முட்களாய் எழும்பிக் கைகால்களின் வெளிப்புறத்தில் பரவும். ஆறிய இடத்தில் கறுப்புத் தழும்போ வெள்ளைத் தழும்போ மாதக்கணக்கில் நிற்கும். நெருப்பு அங்கேயும் எரிகிறது. கற்ற கண்ணுக்கு அதன் நிறம் பழக்கமில்லை.

2002-இல் வெளியான ஓர் ஆய்வு இலண்டன் நகரின் கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும் ஒப்பிட்டது. வழக்கமான கோலால் அளந்தபோது இரு சாராரிடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. சிவப்பின் மதிப்பெண் ஏமாற்றக்கூடியது என்பதைக் கணக்கிற்கொண்டு மீண்டும் ஆராய்ந்தபோது, கறுப்பினக் குழந்தைகளுக்குக் கடுமையான நோய் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு என்று கண்டனர். அந்த ஆறு மடங்குத் துன்பமும் ஒரு நிறத்தின் பின்னே மறைந்து கிடந்தது.

கூட்டல் கழித்தல் அறிந்த எந்த மாணவனும் இந்த அநீதியைத் தானே கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு குறிகளும் உடலெங்கும் ஒரே அளவில் உள்ள ஒரு குழந்தையின் உண்மையான ஈசி மதிப்பெண் 24 என்று கொள்வோம். 21-ஐத் தாண்டினால் கடுமை என்பது விதி. சிவப்பு கண்ணிற் படவில்லை என்று அந்த ஒரு குறிக்குப் பூச்சியம் இட்டால் நான்கில் ஒரு பங்கு கழிந்து 18 ஆகிறது. கடுமையான நோய் காகிதத்தில் நடுத்தர நோயாகிவிட்டது. பிள்ளையின் உடலில் ஒரு புண்ணும் ஆறவில்லை. நிபுணரிடம் செல்லும் பாதை மாத்திரம் அடைபட்டுவிட்டது.

"இலங்கை வைத்தியருக்கு இலங்கைத் தோல் தெரியாதா? அவர் என்ன வெள்ளைக்காரரா?" என்று கேட்பாரும் உளர். நியாயமான கேள்வி. பல்லாயிரம் தோல்களைக் கண்டு தேர்ந்த நிபுணர்கள் கண்டியிலும் பேராதனையிலும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் நிபுணரின் முன் வந்து நிற்பதில்லை. தோட்டத்தின் முதற்கதவில் இருப்பவர் பெரும்பாலும் தோட்ட வைத்திய உதவியாளர். அவர் கற்ற நூலின் படங்களும் அவர் நிரப்பும் படிவங்களும் நெடுங்காலம் வெள்ளைத் தோலையே அளவாகக் கொண்டவை. ஒருவரது தோலின் நிறம் எதுவாயினும் அவரது கண் பாடப்புத்தகம் காட்டியதையே காணும். குடியேற்ற ஆட்சி 1948-இல் கொடியை இறக்கிக்கொண்டு போயிற்று; அது அச்சிட்ட படங்கள் நம் கண்களுக்குள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த நிலைக்கு ஒரு மாற்று விஞ்ஞானத்தின் உள்ளிருந்தே எழுந்திருக்கிறது. 2004-இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் ஆராய்ச்சியாளர்கள் 'போயெம்' என்ற பெயரில் ஏழு கேள்விகளை வெளியிட்டார்கள். கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாட்கள் அரித்தது? எத்தனை இரவுகள் தூக்கம் கெட்டது? எத்தனை நாட்கள் இரத்தம் கசிந்தது? எத்தனை நாட்கள் நீர் வடிந்தது? எத்தனை நாட்கள் தோல் வெடித்தது? எத்தனை நாட்கள் செதிள் உதிர்ந்தது? எத்தனை நாட்கள் தோல் வறண்டு சொரசொரத்தது? ஒரு நாளும் இல்லையெனில் பூச்சியம், ஓரிரு நாளுக்கு ஒன்று, மூன்று நான்கு நாட்களுக்கு இரண்டு, ஐந்தாறு நாட்களுக்கு மூன்று, நாள்தோறுமெனில் நான்கு. மொத்தம் 28. இரண்டு வரை நலம்; ஏழு வரை இலேசு; பதினாறு வரை நடுத்தரம்; அதற்கு மேல் கடுமை; 25-ஐ எட்டினால் மிகக் கடுமை.

அந்த ஏழு கேள்விகளில் சிவப்பு என்ற சொல்லே இல்லை. பதில் கூறுபவர் தாய். வளர்ந்த பிள்ளையாயின் பிள்ளையே. செலவு ஒரு தாளும் ஒரு பென்சிலும். உலகெங்குமுள்ள நிபுணர்கள் கூடி ஆராய்ந்து, ஆய்வுகளில் நோயாளியின் துயரை அளப்பதற்கு இந்தக் கோலையே ஏற்றிருக்கிறார்கள். வைத்தியரின் கண் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கண் காணத் தவறுவதைக் காது கேட்டு நிரப்பவேண்டும் என்கிறோம்.

"படிப்பறிவில்லாத தோட்டத்துப் பெண்ணின் வாய்ச்சொல் ஒரு விஞ்ஞான அளவாகுமா?" இந்த இரண்டாவது ஆட்சேபம் பண்பாக வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை, நடத்தையில் சொல்லப்படுகிறது. அதற்கு நமது பதில் இதுதான். நேற்று இரவு பிள்ளை எத்தனை முறை எழுந்தது என்பதைத் தாயைவிடத் துல்லியமாக அறிந்த கருவி எது? பிள்ளையின் இரு கைகளையும் தன் கைக்குள் பிடித்தபடி விடியுமட்டும் உட்கார்ந்திருந்தவள் அவள். அதே பெண்ணின் கூடையில் உள்ள கொழுந்தைத் தோட்டம் கிலோக் கணக்கில் நிறுக்கிறது. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கிறது. நிறை குறைந்தால் அரைப்பேர் போடுகிறது. அவள் பறிக்கும் இலையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குண்டு. அவள் இழந்த உறக்கத்துக்குக் கணக்கில்லை. தராசு ஒருபோதும் அவள் கையில் தரப்படவில்லை. ஏழு கேள்விகள் என்னும் இந்தச் சிறு தராசையாவது அவள் கையில் கொடுங்கள் என்பதே நமது வாதம்.

இந்த மக்களின் வரலாறு முழுவதுமே பிறரால் எண்ணப்பட்ட வரலாறு. 1912-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் துரைமாரின் பொறுப்பில் விட்டது. உழைக்கும் கை விழுந்துவிடக்கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் முதற்கவலை. 1948-இல் அவர்களது குடியுரிமை பறிபோயிற்று. 1964-இல் இரு நாட்டுத் தலைவர்கள் அமர்ந்து, இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை இலட்சம் எனக்கு என்று பங்கிட்டார்கள். அப்போதும் அவர்கள் எண்ணப்பட்டார்கள், கேட்கப்படவில்லை. வைத்திய மேசையின் முன் ஒரு தாய் வாய்பேசாது நிற்பது அவளது சுபாவம் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை அறியாதவர்கள்.

மொழியின் பிரச்சினையும் இத்துடன் பிணைந்தது. 1987-இல் அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சட்டப் புத்தகத்தில் எழுதிய அந்த வரி கிளினிக் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதா? 'அரிப்பு', 'எரிவு', 'குத்தல்', 'நமைச்சல்' ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு வேதனைகள். வெவ்வேறு நோய்களைச் சுட்டக்கூடியவை. தாய் தன் மொழியில் நான்கையும் பிரித்துச் சொல்வாள். அரைகுறைச் சிங்களத்தில் அவள் அறிந்த ஒரே சொல் கொண்டு சொன்னால் நான்கும் ஒன்றாகிவிடும். சிங்களக் கிராமத்து ஏழைத் தாய்க்கும் ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டு ஊமைச் சீட்டுத்தான். ஆகவே இதை இன்னொரு இனச் சண்டையாக்க நாம் விரும்பவில்லை. நோயாளியின் மொழியிலேயே நோய் கேட்கப்படவேண்டும் என்பது இரு மொழி ஏழைகளுக்கும் பொதுவான கோரிக்கை.

மூன்றாவது ஆட்சேபம் நமது சொந்த அணியிலிருந்தே வருகிறது. "வறுமையே எல்லா நோய்க்கும் மூலம். சமுதாயம் மாறினால் சொறியும் போய்விடும். அதுவரை களிம்பைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியும் பேசுவது சீர்திருத்தவாதம்" என்பர் சில தோழர்கள். இது நேர்மையான தவறு. ஆயினும் தவறுதான். கரப்பான் செல்வர் வீட்டுக் குழந்தைகளையும் பீடிக்கிறது. வசதி படைத்த நாடுகளின் நகரங்களில் இந்நோய் மிகுதி. வறுமை இந்நோயைப் பிறப்பிக்கிறது என்று சொல்ல நம்மிடம் ஆதாரமில்லை. பிறந்த நோய் எவ்வளவு காலம் எரியும், எவ்வளவு ஆழம் செல்லும், எப்போது கண்டுகொள்ளப்படும் என்பதைத் தீர்மானிப்பது வறுமை. பேராதனை வீதியிலுள்ள வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஈரங்காக்கும் பூச்சு அலுமாரியில் இருக்கும், பருத்திச் சட்டை இருக்கும், தனிக்கட்டில் இருக்கும். லயத்துப் பிள்ளைக்கு விறகடுப்பின் புகையும், உறுத்தும் கம்பளிச் சட்டையும், பீலித் தண்ணீருமே உண்டு. வைத்தியசாலைக்கு ஒரு நாள் போனால் தாய்க்கு ஒரு நாட்பேர் போய்விடும். 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்து தட்டுப்பட்டபோது இந்த வேற்றுமை இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். கரப்பான் பண்டம் என்று சொல்லி முட்டை, மீன், கருவாடு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் பிள்ளையின் கோப்பையிலிருந்து விலக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. சில குழந்தைகளுக்கு ஓரிரு உணவுகள் ஒவ்வாது போகலாம். அதை வைத்தியர் ஆராய்ந்து சொல்லவேண்டும். எல்லாரிடமிருந்தும் எல்லாவற்றையும் பறிப்பது வைத்தியமாகாது. 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றி இருந்தனர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர். அந்தப் பிள்ளைகளின் வாயிலிருந்து ஒரு முட்டையையும் எடுத்துவிட்டு நோய்க்கு மருந்து செய்ததாய் நினைப்பது எவ்வளவு கொடுமை!

ஆகவே நாம் கோருவது என்ன? இந்த ஏழு கேள்விகளும் நம் தாய்மார் பேசும் தமிழிலும், அவ்வாறே சிங்களத்திலும், கண்டி மாவட்டத்தின் ஒவ்வொரு தோட்ட மருந்துச்சாலையிலும் கிளினிக்கிலும் சுவரில் எழுதப்படட்டும். தோட்ட வைத்திய உதவியாளருக்கும், மருத்துவமாதருக்கும், பிள்ளை மடுவங்களைக் கவனிக்கும் பெண்களுக்கும் நம் நாட்டுத் தோலின் படங்களைக் காட்டிப் பயிற்சி தரப்படட்டும். பேராதனையின் மருத்துவ பீடம் 1962 முதல் இம்மலைகளின் அடிவாரத்தில் இயங்கிவருகிறது. அதன் மாணவர்கள் அந்தப் படங்களைத் திரட்டித் தரட்டும். ஈரங்காக்கும் எளிய பூச்சும் அளவறிந்த மென்மருந்தும் தோட்ட மருந்துச்சாலையில் தட்டுப்பாடின்றிக் கிடைக்கட்டும். பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுசெல்லும் தாய்க்குப் பேர் வெட்டக்கூடாது என்பதைத் தொழிற்சங்கங்கள் தமது கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். கண்டியில் தேசிய வைத்தியசாலையும் பேராதனையில் சிறுவர் வைத்தியசாலையும் கட்டணமின்றிச் சிகிச்சை தருகின்றன. இது இந்நாட்டு மக்கள் ஈட்டிய பெருஞ்செல்வம். அந்தச் செல்வத்தின் வாசல்வரை ஒரு தோட்டத்துப் பிள்ளை வந்து சேர்வதற்கான வழியையே நாம் கேட்கிறோம்.

ஆசிரிய அன்பர்களே! நமக்குரிய கடமை எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்பில் உறங்கும் பிள்ளையைத் தண்டிக்குமுன், "இரவு தூங்கினாயா?" என்று கேட்போம். முழங்கை மடிப்பைப் பார்ப்போம். சிவப்பைத் தேடவேண்டாம், கறுத்துத் தடித்த இடத்தையும் நகக்கீறலையும் பார்ப்போம், விரலால் தொட்டுப் பார்ப்போம். கரப்பான் ஒட்டாது என்பதைப் பிற பிள்ளைகளுக்குச் சொல்லி அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு தோழியை உட்கார வைப்போம். தாயை அழைத்து ஏழு கேள்விகளையும் கேட்டு, விடையைத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்புவோம். மஞ்சள் பொருக்குக் கட்டிச் சீழ் வைத்தாலோ, காய்ச்சலோடு துளைத்தெடுத்தாற்போன்ற சிறு புண்கள் கூட்டமாய் எழுந்தாலோ ஒரு நாளும் தாமதியாது வைத்தியசாலைக்கு அனுப்புவோம். பின்னது உயிருக்கே ஆபத்தான தொற்றாயிருக்கலாம்.

மாணவ நண்பர்களே! உங்களில் நாளைய வைத்தியர்கள் இருக்கிறீர்கள். புத்தகத்தின் படத்தில் இல்லாத குழந்தை உங்கள் முன் வந்து நிற்கும். அவளது நோய் எத்தனை மதிப்பெண் என்று எழுதுமுன், பேனாவைச் சற்று வைத்துவிட்டு, அருகில் நிற்கும் தாயை அவள் மொழியில் கேளுங்கள்: "அம்மா, இந்தக் கிழமை எத்தனை இரவு பிள்ளை தூங்கவில்லை?"

அவள் சொல்லும் எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.